‘தொடங்கு’ என்றொரு பொத்தான்

மேனாம்பேடு ராயப்பன் மகள் ரெனிதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிடையரான ராயப்பன், மகள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே அவள் காதைத்தான் பார்ப்பார். சிவந்திருந்தால், “இன்னிக்கு எவனோ மாட்டிக்கினான்” என்று மனைவி ரோஸியிடம் மெல்லச் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

ரெனிதா எம்.சி.ஏ. படித்தவள். முப்பதைத் தாண்டிவிட்டாள். கொஞ்ச காலம் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டு நெமிலிச்சேரி பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தவள். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்பது, “அவ்ளோ நல்ல வேலைய ஏன்மா விட்டே?” என்பதுதான். “அங்க எனக்குக் கோபமே வரல, அதான்” என்பாள் ரெனிதா. வந்தவர்கள் காபியை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் குறை இல்லை. கோபம் தினமும் வந்தது.

அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் யார் யாரோ தங்கள் ஆபீஸில் பழசைக் கழித்தபோது தந்துவிட்டுப் போனவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இன்டர்நெட் என்பது ஹெச்.எம். அறையோடு சரி. பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் பைத்தான் என்கிற நிரல்மொழி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. நிறுவுவது என்றால் என்ன என்று ரெனிதாவைத்தான் கேட்க வேண்டும். ஒரு மெஷின், இந்தப் புதுப் பதிப்பு எனக்குச் சேராது என்று ஆங்கிலத்தில் சொல்லும். இன்னொன்று பாஸ்வேர்டு கேட்கும். அதைப் போட்டுவைத்த ஆள் எங்கே இருக்கிறாரோ யாருக்கும் தெரியாது. வேறொன்றில் ஆன்டிவைரஸ் அதைத் திருடன் என்று நினைத்து விரட்டிவிடும். எல்லாவற்றையும் தாண்டி நிறுவினாலும், கடைசிப் பெட்டியில் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடிக்காமல் விட்டால், ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் கறுப்புத் திரையில் அப்படி ஒரு பொருளே இங்கே இல்லை என்று சாதிக்கும்.

இப்படியே காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகள் இன்னும் ஒரு வரிகூட எழுதிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஆஷ்லி என்ற மாணவி, கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“மிஸ், எனக்கு இது வராது மிஸ். நான் தியரி மட்டும் படிச்சுக்கறேன்.”

ரெனிதாவின் காது சிவந்தது.

“எது வராது? நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! கதவே தெறக்கல, உள்ள போய் உனக்கு என்ன வராதுன்னு எப்படித் தெரியும்?”

அந்தப் பெண் பயந்து உட்கார்ந்துவிட்டாள். ரெனிதா நேரே ஹெச்.எம். கமலம் அறைக்குப் போனாள். கமலம் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“போர்டுல எழுதிப் போடுங்க. நோட்டுல எழுதிக்கட்டும். போன வருஷம் அப்படித்தான் எல்லாரும் பாஸ்.”

“நீச்சலையும் போர்டுல எழுதிப் போடலாமா மேடம்?”

“ரெனிதா, குரலைக் குறைங்க.”

அவளால் குரலைக் குறைக்க முடிந்தது. காதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ‘எனக்கு வராது’ என்ற அந்த ஒரு சொல் அவளை இப்படிப் பிடித்து உலுக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் சிம்ரன்.

சிம்ரனும் அவளும் ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. ஒரே பெஞ்ச். சிம்ரனின் அப்பா வேம்புலி பட்டாபிராமில் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினார். அவருடைய அப்பா காலம் வரை குடும்பமே ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சிம்ரன். கணக்கில் புலி. லெக்சரர் கேள்வியை முடிப்பதற்குள் நோட்டில் விடை இருக்கும்.

கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி மூன்று பேர். அதனால் வீட்டில் செய்துகொண்டு வா என்றார்கள். வேம்புலி எங்கோ அலைந்து மகளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தார். அதில் வேண்டிய மென்பொருளை ஏற்றத்தான் முடியவில்லை. சிம்ரன் போய்க் கேட்டாள். லெக்சரர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “டவுன்லோட் பண்ணு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அழுத்து. இதுகூடத் தெரியலன்னா இந்த கோர்ஸுக்கு எதுக்கும்மா வந்தே?” பிரவுசிங் சென்டர்காரன் ஒருவன் போட்டுத் தருகிறேன் என்று எதையோ ஏற்றினான், அதோடு வைரஸும் ஏறி லேப்டாப் படுத்துவிட்டது. ரெக்கார்டு நோட்டு முடியவில்லை. பிராக்டிகல் எழுத விடவில்லை. அடுத்த செமஸ்டரில் சிம்ரன் வரவில்லை.

ரெனிதா தேடிக்கொண்டு போனாள். வாசலில் வேம்புலி, “இன்னாமா ஆச்சி உன் பிரெண்டுக்கு? படிப்பு வாணாம்னுது” என்று அவளிடமே கேட்டார். உள்ளேயிருந்து சிம்ரன்தான் பதில் சொன்னாள்: “எனக்கு வரல நைனா. விடு.”

அவளுக்கு வரவில்லை என்றால் வேறு யாருக்கு வரும்? ரெனிதாவின் லேப்டாப்பும் அதே அளவு பழசுதான். அவளுக்கும் அந்த மென்பொருளை ஏற்றத் தெரியாது. ஆனால் அவளுடைய பெரியப்பா மகன் ஜெர்வின் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். ஒருத்தி எம்.சி.ஏ. வரை போனாள், ஒருத்தி திருமழிசையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மெஷினுக்குப் போனாள். நடுவில் இருந்த வித்தியாசத்துக்குப் பேர் மூளை இல்லை. ஜெர்வின்.

ஆஷ்லி ‘வராது’ என்று சொன்ன அன்று சாயங்கால ரயிலில் ஆவடி வரை நின்றுகொண்டே வந்த ரெனிதா, இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

காலாண்டு விடுமுறை முழுக்க அதிலேயே உட்கார்ந்தாள். பென் டிரைவில் ஒரு ஃபோல்டர். திறந்தால் நீலத்தில் ஒரே ஒரு பொத்தான்: ‘தொடங்கு’. அழுத்தினால் போதும். நிறுவுகிற வேலையே கிடையாது; பென் டிரைவிலிருந்தே ஓடும். இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். மெஷின் பழசா புதுசா என்று அதுவே பார்த்து, அதற்குத் தகுந்த பதிப்பை எடுத்துக்கொள்ளும். தப்பு நடந்தால் என்ன தப்பு என்று தமிழில் சொல்லும். சொல்வதற்கு எளிது. அதைச் செய்வதற்குள் அவள் காது சிவந்து சிவந்து அடங்கியது.

தயாரானதை யாரிடம் கொடுத்துப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை தன் பழைய லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, பூந்தமல்லி போய் பஸ் மாறித் திருமழிசையில் சிம்ரன் வீட்டுக்குப் போனாள். சிம்ரனுக்குக் கல்யாணமாகி, ஏழாவது படிக்கும் சரண் என்று ஒரு மகன். வேம்புலியும் இப்போது மகளோடுதான் இருந்தார். இத்தனை வருஷத்தில் தோழிகளுக்குள் பேச்சு விட்டுப்போகவில்லை. கம்ப்யூட்டர் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

“நான் எதுக்குடி இதுல?” என்றாள் சிம்ரன்.

“நீ அழுத்தினா அது ஓடணும். ஓடினாத்தான் நான் யாருக்கும் கொடுப்பேன்.”

சிம்ரன் சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுத்தினாள். திரையைப் படித்தாள்.

“‘பாதை அமைக்கப்படவில்லை’ன்னு வருது. இன்னா பாதடி? பூந்தமல்லிக்கா, திருவள்ளூருக்கா?”

“அதில்லடி. அந்த புரோகிராம் எந்த இடத்துல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும்...”

“அதுக்குத் தெரியலன்னா அது தேடிக்கினு போவட்டும். என்னான்ட ஏன் கேக்குது?”

ரெனிதா சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் வந்தபோது அந்தக் கேள்வி இல்லை. அதற்கடுத்த வாரம் வேறு இரண்டு கேள்விகள் போயின. மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்ரன் பொத்தானை அழுத்தியதும் வெள்ளைத் திரை ஒன்று திறந்து அமைதியாகக் காத்திருந்தது. ரெனிதா சொல்லச் சொல்ல ஒரு வரி தட்டினாள். அவள் மகன் பெயரைத் திரை அவளுக்கே திருப்பிச் சொன்னது.

“அவ்ளோதானா?” என்றாள் சிம்ரன்.

“அவ்ளோதான்.”

சிம்ரன் திரையில் இருந்த அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “இதுக்கா அன்னிக்கு நான் அப்டி அய்தேன்?” என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரெனிதாவுக்கு வந்த கோபத்துக்கு முகவரியே இல்லை. யாரைத் திட்டுவது? அந்த லெக்சரரையா, மூலையில் கட்டம் வைத்தவனையா, ஜெர்வின் இல்லாத வீட்டில் பிறக்கவைத்த விதியையா? ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் பள்ளியில் ஆஷ்லி முதற்கொண்டு எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். ஆவடியில் இன்னொரு பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் முகமது ஆசிக் ஒரு காப்பி வாங்கிப் போனார். அவரிடமிருந்து வேறு பள்ளிகளுக்குப் போனது. டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவில் ரெனிதாவுக்குப் பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன.

அந்தச் சமயத்தில்தான் நாகேந்திரன் வந்தார். ‘தளிர்கோடு’ என்ற கல்வி நிறுவனத்தின் ஆள். இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பும் அப்படியே.

“உங்க உழைப்பு இந்த நாலு பள்ளியோட நிக்கலாமா மேடம்? நாங்க ஊர் ஊரா கொண்டு போறோம். பிள்ளைங்களுக்கு இலவசம்தான்.”

ரெனிதாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. கேட்டதையெல்லாம் கொடுத்தாள். உள்ளே எது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதியும் கொடுத்தாள். ராயப்பன் மட்டும், “ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கினியாமா?” என்று கேட்டார். “எல்லாத்துலயும் கம்பெனிக்காரன் மாதிரியே யோசிக்காதீங்க டாடி” என்று அவரை அடக்கிவிட்டாள்.

மாசி பிறந்திருந்தது. ஒருநாள் மதிய உணவு வேளையில் சிம்ரன் போன் செய்தாள். வழக்கமாக அவள் ஷிப்டில் இருக்கும் நேரம். குரல் உடைந்திருந்தது.

“ரெனி, உன் பட்டன் சரண் ஸ்கூலுக்கும் வந்துச்சு. ரெனி ஆன்ட்டியோடதும்மான்னு குதிச்சிகினு வந்தான். அம்மா நம்பர் போடணும்னு சொன்னான், உன்னுதாச்சேன்னு குடுத்தேன். இப்ப தெனம் போன்டி. மெஷினாண்ட கீறப்பவும் வுடல, சூப்பர்வைசர் கத்தறான்.”

“யாரு? என்ன கேக்கறாங்க?”

“டெஸ்ட் வச்சாங்களாம். சரணுக்கு மூள வேல செய்யறது கம்மியாம். இப்பவே அவங்க கிளாஸ்ல சேக்கலன்னா பின்னாடி போயிடுவானாம்.” சிம்ரன் மூக்கை உறிஞ்சினாள். “அவனுக்கும் வரலியாம்டி.”

ரெனிதா போனை வைத்தபோது ஸ்டாஃப் ரூமில் யாரோ, “என்ன மிஸ், காதெல்லாம்...” என்றார்கள். அவள் காதில் விழவில்லை.

ஆசிக் ஒரு காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதே நீலப் பொத்தான். அவள் எழுதிய தமிழ் வாக்கியங்கள். ஓரிடத்தில் அவள் செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. அவளுடைய பெயர் மட்டும் எங்குமில்லை. பொத்தானுக்கு முன்னால் புதிதாக ஒரு திரை: பெயர், வகுப்பு, அம்மா அப்பாவின் செல் நம்பர். போடாவிட்டால் திறக்காது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் திறக்காது. பிறகு ஒரு ‘திறன் சோதனை’. ரெனிதா எல்லாவற்றுக்கும் சரியான விடை போட்டாள். ‘உங்கள் பிள்ளைக்கு உடனடிக் கவனம் தேவை’ என்றது. எல்லாவற்றையும் தப்பாகப் போட்டாள். அதுவும் அதையேதான் சொன்னது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி ஒட்டிய கட்டடம் ஒன்றில் தளிர்கோடு ஆபீஸ். ரெனிதா நாகேந்திரன் எதிரே போய் உட்காரவில்லை, நின்றாள்.

“எந்தப் பதில் போட்டாலும் பிள்ளை மக்குன்னுதான் வருது. இதுக்கு என்ன அர்த்தம்?”

“மக்குன்னு எங்கயும் போடலையே மேடம். கவனம் தேவைன்னுதான் போட்டிருக்கோம். பேரன்ட்ஸுக்கு ஒரு மோட்டிவேஷன்.”

“இது நான் பண்ணது.”

“இல்லைன்னு யார் சொன்னா? இலவசம்னு நீங்கதானே கொடுத்தீங்க. நாங்களும் இலவசமாத்தான் கொடுக்கிறோம். ஒரு நம்பர்தானே கேக்கிறோம்.”

ரெனிதாவிடம் பதில் இருந்தது, ஆனால் வாய்க்கு வரவில்லை. கோபம் தலைக்கேறினால் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிடும். தன்னிடம் அவள் அடியோடு வெறுத்தது அதைத்தான். நாகேந்திரன் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். “டென்ஷன் ஆகாதீங்க மேடம். தண்ணி குடிங்க.”

அந்த டிஷ்யூ பெட்டிதான் அவளை ஆவடிக் கூட்டத்தில் எழுந்து நிற்கவைத்தது.

அந்தக் கூட்டம் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் டீச்சர்களுக்கான பயிற்சி நாள். ஒரு பள்ளியின் மண்டபம். மேடையில் நாகேந்திரன், பின்னால் பெரிய திரையில் நீலப் பொத்தான். “இந்தப் பகுதியின் மண்ணில் முளைத்த தொழில்நுட்பம்” என்று அவர் தொடங்கியபோது, நடு வரிசையிலிருந்து ரெனிதா எழுந்தாள்.

“சார், அந்தத் திறன் சோதனையை இங்க எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க. எல்லாத்துக்கும் சரியான விடை போடுங்க.”

“கேள்வி நேரம் கடைசியில இருக்கு மேடம்.”

“எனக்கு இப்பதான் கேள்வி வருது.”

நாகேந்திரன் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ஆசிக் மேடை ஏறிவிட்டார். அவரே ஒவ்வொன்றாக விடை போட்டார். ‘உடனடிக் கவனம் தேவை’ என்று திரை முழுக்க வந்தது. “அடப்பாவி” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அத்தோடு ரெனிதா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷக் கோபம் வாசல் கண்டுவிட்டது. இந்த முறை கண்ணீர் வரவில்லை, வார்த்தை வந்தது. “என் சினேகிதி ஒருத்தி இருக்கா” என்று தொடங்கினாள். சிம்ரன் என்ற பெயரைச் சொன்னாள். மூட்டை தூக்கும் வேம்புலியைச் சொன்னாள். அவர் வாங்கி வந்த லேப்டாப்பைச் சொன்னாள். அது படுத்துப்போனதைச் சொன்னாள். கணக்கில் புலியாக இருந்தவள் ‘எனக்கு வரல’ என்று வீட்டில் உட்கார்ந்ததையும், இன்று திருமழிசையில் பிளாஸ்டிக் மோல்டிங்கில் நிற்பதையும், பொத்தானை அழுத்திவிட்டு, ‘இதுக்கா அப்படி அழுதேன்’ என்று கேட்டதையும் சொன்னாள். “அவ பிள்ளைக்கும் வரலைன்னு இன்னிக்கு இந்த ஆள் போன் போட்டுச் சொல்றார்!”

மண்டபம் எழுந்து கைதட்டியது. ஆசிக் அதையெல்லாம் செல்போனில் எடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் அது எல்லாக் குழுக்களிலும் ஓடியது. அன்றிரவு ரெனிதா நிம்மதியாகச் சாப்பிட்டாள். ராயப்பன் வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் சிம்ரன் மேனாம்பேட்டுக்கு வந்தாள். கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ரோஸி டீ போடப் போனாள். “வாணாம் ஆன்ட்டி” என்று நின்றபடியே சொல்லிவிட்டு ரெனிதாவைப் பார்த்தாள்.

“நான் அய்தத உன்னான்ட சொன்னேன். ஊரான்ட சொன்னேனா?”

“சிம்ரன், உனக்காகத்தானே...”

“எனக்காகவா? உன் கோவத்துக்காக. கைத்தட்டுறானுங்க, நீ பேசிகினே போற. கம்பெனில பொண்ணுங்க அத்தப் போட்டுப் பாத்துகினு என்னியப் பாக்குதுங்க.”

“நான் சொன்னதுல எது பொய்? நீ வரலன்னு சொன்னது...”

“இன்னாத்துக்கு அப்டி சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?” சிம்ரனின் குரல் எகிறியது. “அந்த லேப்டாப்பு ஓட்ட லேப்டாப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எவனோ எங்க நைனாவ நல்லா ஏமாத்திட்டான். முதுவு ஒடிய மூட்ட தூக்கி வாங்கினு வந்தாரு. அவராண்ட போய் நீ வாங்கினது குப்பன்னு சொல்லுவனா? அதான் எனக்கு வரலன்னேன். எம்மேல போட்டுகினேன். இத்தினி வருசம் அவருக்குத் தெரியாது. இப்ப உன் வீடியோவப் பாத்துட்டு, ‘நான் வாங்கியாந்த பொட்டியாலதான் உன் படிப்பு போச்சா’ன்னு கேக்கறாரு. ஒழுங்கா சோறு துன்ன மாட்டேங்கறாரு.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“அந்த நாகேந்திரன் என் நம்பரக் கேட்டு வாங்கினான். நீ என் பேரக் கேக்காமயே எடுத்துக்கினியேடி.”

சிம்ரன் போய்விட்டாள். ராயப்பன் மகளின் காதைப் பார்த்தார். சிவக்கவில்லை. வெளுத்திருந்தது. அப்படி அவர் பார்த்ததில்லை.

இத்தனை காலம் ரெனிதா, ‘எனக்கு வரல’ என்ற அந்தச் சொல்லைத் தப்பாகவே படித்திருக்கிறாள். தோற்றுப்போனவளின் சொல் என்று நினைத்து, அவளுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தாள். அது ஓர் அப்பாவைக் காப்பாற்ற ஒரு மகள் சொன்ன பொய். அதைத்தான் மண்டபத்தில் போட்டு உடைத்தாள். இப்போது கோபம் தன் மேலேயே திரும்பியது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாளே ஆசிக்கிடம் வீடியோவை எடுக்கச் சொன்னாள். எடுத்தார். ஆனால் அது எங்கெங்கோ போயிருந்தது. குழு குழுவாக நிர்வாகிகளைக் கூப்பிட்டு, “தயவுசெஞ்சு எடுத்துடுங்க” என்று கெஞ்சினாள். “நல்லாத்தானே மிஸ் பேசியிருக்கீங்க” என்றார்கள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை.

இதற்கிடையில் கமலம் மேடம் கூப்பிட்டனுப்பினார். பொது இடத்தில் கத்தியதற்கு மெமோ என்றே ரெனிதா நினைத்துப் போனாள். கமலம் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

“இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற அத்தனை பிள்ளைங்களோட அம்மா அப்பா நம்பரும் என் பீரோவுல இருக்கு. சாவிய நான் யார்கிட்டயும் கொடுத்ததில்ல. அந்த ஆளு ஒரு பட்டனைக் காட்டி அள்ளிட்டுப் போறானா?”

கமலம் மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போர்டுல எழுதிப் போடுங்கன்னு அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன். அது சோம்பேறித்தனம். இது அயோக்கியத்தனம்.”

அன்றைக்கு முழுக்கக் கமலம் மேடம் போனில் இருந்தார். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று தனக்குத் தெரிந்த ஹெச்.எம்.கள் ஒருவர் விடாமல் கூப்பிட்டார். “நான் கமலம் பேசறேன். அதைப் பிடுங்கி எறிங்க” என்பதற்கு மேல் அவர் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. பெற்றோர்களும் பள்ளிகளில் போய்ச் சண்டை பிடித்தார்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் தளிர்கோடு அந்தப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வெளியேறியது. சனிக்கிழமைகளில் ரெனிதாவும் ஆசிக்கும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பழைய பொத்தானையே மறுபடி போட்டார்கள். அதற்குக் கீழே ரெனிதா ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘இது உங்கள் பெயரையோ எண்ணையோ கேட்காது. கேட்டால் இது எங்களுடையது அல்ல.’

நாகேந்திரனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வேறு பெயரில், வேறு நிறத்தில் ஒரு பொத்தானோடு அவர் இப்போது தனியார் பள்ளிகளுக்குப் போகிறார் என்று கேள்வி. அதை ரெனிதாவிடம் சொன்னவர் சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

திருமழிசைக்கு அவள் ஒரு தடவை போனாள். சிம்ரன் வீட்டில் இல்லை. வேம்புலி மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரெனிதா வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாம்மா” என்றார். “உம்மேல எனக்கு ஒன்னும் கோவமில்ல. அந்தப் பொட்டிய வித்தான் பாரு ஒருத்தன், அவன் மூஞ்சி எனக்கு இன்னும் நெனப்பு கீது.” கொஞ்சம் பொறுத்து, “எம் பொண்ணுக்கு வராம போவல, இல்ல?” என்று கேட்டார்.

“இல்ல நைனா. அவளுக்கு வராதது எதுவுமே இல்ல.”

வேம்புலி தலையாட்டினார்.

புதுக் கல்வியாண்டு தொடங்கி மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு சிம்ரனிடமிருந்து போன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“சரண் ஸ்கூல்ல புது மெஷின் வந்துகீது. டீச்சருக்குப் போடத் தெரில. வந்து போட்டுட்டுப் போ. ஊட்டுக்கு வராத, ஸ்கூலுக்கு வா.”

ரெனிதா போனாள். அந்த மெஷின்களில் அவள் இதுவரை பார்க்காத ஏதோ ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். எந்த வெளி புரோகிராமையும் ஓட விடவில்லை. பிற்பகல் வரை முட்டி மோதி, திட்டித் தீர்த்து, ஒருவழியாகத் திறக்கவைத்தாள். சிம்ரன் மற்ற அம்மாக்களோடு வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து ரெனிதா வெளியே வந்ததும், “டீ குடிக்கிறியா?” என்றாள்.

ஹைவே ஓரத்துக் கடையில் இருவரும் நின்று டீ குடித்தார்கள். எஸ்டேட்டுக்குப் போகும் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. கடைசியில் ரெனிதாதான் கேட்டாள்.

“இன்னும் கோவமா?”

“கீது” என்றாள் சிம்ரன். “போவாது சீக்கிரம்.”

“சரி.”

“இனிமே எங்கியாவது பேசறதுன்னா என்னைக் கேட்டுட்டுப் பேசு. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா கேளு.”

“கேக்கறேன்.”

பூந்தமல்லி பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சிம்ரன் கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, ரெனிதாவின் தோளில் தெறித்திருந்த சேற்றைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அந்தத் துடைப்பிலும் கொஞ்சம் கோபம் இருந்தது, தோள் வலித்தது. ரெனிதா நகராமல் நின்றாள். பஸ் வந்து நின்றதும் ஏறிக்கொண்டாள்.